கழுவியவள் கேட்கலாம்

அக்காவைப் புதைத்த ஐந்தாம் நாள் காலையில், ஆறாவது பிளாக்கின் நடைவழியில் அக்கா பேசினாள்.

“பசிக்குதா? கையைக் கழுவிட்டு வா” என்றது அந்தக் குரல், ஈங்க மொழியில். அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், “இதோ ஆச்சு கண்ணு” என்று பதில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் துடுப்பு அவள் கையில் நின்றது.

எதிரே, படிக்கட்டுக்கு அடியிலிருந்த மீட்டர் அறையிலிருந்து லச்சி இதைப் பார்த்தாள். ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முடியாது. மலைக்குடிகளான ஈங்கர்களில் பிணத்தைக் குளிப்பாட்டியவர் ஒன்பது நாள் தனியே இருக்க வேண்டும். யாரையும் தொடக் கூடாது, யாரோடும் சேர்ந்து சாப்பிடக் கூடாது. மலையில் இருந்த காலத்தில் அதற்கென்று ஒரு குடிசை இருந்தது. நிலச்சரிவுக்குப் பிறகு அடிவாரத்தில் கட்டிக்கொடுத்த பிளாக்கில் குடிசைக்கு எங்கே போவது? இருபத்து நான்கு மீட்டர்கள் சிவப்புப் புள்ளிகளாகச் சிமிட்டும் இந்த அறைதான் இப்போது குடிசை. அக்காவைக் குளிப்பாட்டியவள் லச்சி. அவளுக்குப் பதினேழு வயது. அக்காவுக்கு இருபத்திரண்டு.

நடைவழியில் பக்கத்து வீட்டுப் பூங்கி நின்றிருந்தாள். ஐந்து வயது. அவள் உள்ளங்கையில் ஒரு சாம்பல் நிறக் கூழாங்கல். பார்வைக்குத்தான் கல், உள்ளே ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், நகத்தளவு ஒரு சில்லு. பேச்சுக்கல் என்பது அதன் பெயர். பதிவு செய்ததைத் திருப்பிப் போடும் கருவி அல்ல அது. அக்கா பேசிய நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, அவள் சொற்களை எப்படி அடுக்குவாள், எங்கே குரலை ஏற்றுவாள், எதற்குச் சிரிப்பாள் என்பதையெல்லாம் அந்தச் சில்லு கற்றுக்கொண்டிருந்தது. அதனால் அக்கா ஒருநாளும் சொல்லாத வாக்கியத்தையும் அக்கா சொல்வது போலவே சொல்லும். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் திருத்தும். கதை கேட்டால் கதை சொல்லும். பிளாக்கில் முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு கற்கள். பெற்றவர்களே பாதி மறந்துவிட்ட மொழியைப் பிள்ளைகள் மூன்று வருடமாக இந்தக் கற்களோடு பேசிப் பேசிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா வெளியே வந்தாள். கல்லைப் பிடுங்கவில்லை. பூங்கியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, “இன்னொரு வாட்டி பேசச் சொல்லு” என்றாள்.

பூங்கி கல்லிடம் ஏதோ கேட்டாள். அக்கா பதில் சொன்னாள்.

“இன்னொரு வாட்டி.”

அடுப்பில் களி அடிப்பிடித்துப் புகைந்தது. “அம்மா, எந்திரி! அம்மா!” என்று லச்சி உள்ளிருந்து கத்தினாள். அம்மா எழுந்திருக்கவில்லை.

அன்று மத்தியானமே கோத்தன் மூப்பன் முப்பத்தொரு கற்களையும் ஒரு கூடையில் வாங்கி, அதன்மேல் தன் துண்டைப் போட்டு மூடினார். லச்சிக்கு அவர் தாய்மாமன். பிளாக்கில் இருக்கும் இருநூற்றுப் பதினாலு பேருக்கும் மூப்பன். பல்கலைக்கழகத்திலிருந்து ஃபரீதா மேடத்தை வரவழைத்தார். கற்களைச் செய்தவர் அவர்தான். மீட்டர் அறை வாசலிலிருந்து பத்தடி தள்ளி இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். லச்சி கதவுக்குப் பின்னால் இருந்தாள்.

“மேடம், உங்களைக் குத்தம் சொல்லல” என்றார் மூப்பன். “குத்தம் எங்க மேலதான்.”

என்ன குற்றம் என்று அங்கிருந்த மூவருக்கும் தெரியும். ஈங்கர்கள் செத்தவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பிறகு பிறக்கும் ஒரு குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்கும் வரை, போனவர் இன்னும் வழியில் இருக்கிறார் என்பது கணக்கு. வழியில் இருப்பவரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்த்தவர் போய்ச் சேர மாட்டார். பெயருக்கே இப்படி என்றால், குரலைப் பிடித்து வைத்துக்கொள்வது? பெயராவது ஒரு குழந்தையிடம் திரும்பி வரும். குரல் திரும்பி வரக் கூடாது. புதுக் குழந்தை தன் குரலோடு வரும்.

அதனால்தான், ஆறு வருடத்துக்கு முன் ஃபரீதா பதிவுக் கருவியோடு வந்தபோது, மொழி முழுவதும் தெரிந்த ஒன்பது பெரியவர்களும் வாய் திறக்க மறுத்தார்கள். இன்றோ நாளையோ சாகப்போகிற நாங்கள் குரலைக் கொடுத்தால் அப்புறம் அதை யார் அணைப்பது என்று கேட்டார்கள். அப்போது பதினாறு வயதில் இருந்த அக்கா எழுந்து, “நான் பேசறேன். எனக்குச் சாக இன்னும் அறுபது வருசம் கெடக்கு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒன்பது பேரிடமும் மாறி மாறி உட்கார்ந்து கேட்டு, கேட்டதைத் தன் வாயால் கருவிக்குச் சொன்னாள். முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் இன்று இல்லை. மற்ற இருவருக்கு நினைவு இல்லை. சின்ன வயதிலேயே நுரையீரல் பாதி கெட்டிருந்த அக்காவும் ஒரு மழைக்காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டாள்.

“சாகற வயசுக்காரங்க வேண்டாம்னு சின்னப் புள்ளயப் புடிச்சுக் கொடுத்தோம்” என்றார் மூப்பன். “நாங்க போட்ட கணக்கு அது.”

ஃபரீதா தன் கணினியைத் திறந்தார். “அண்ணா, ஒரு வழி இருக்கு. குரலை மட்டும் மாத்திடலாம். ஒவ்வொருத்தர் தொண்டைக்கும் ஒரு நிறம் உண்டு இல்லையா, அந்த நிறத்தை மட்டும் கழட்டிட்டு வேற நிறம் பூசற மாதிரி. சொல், இழுப்பு, ஏற்ற இறக்கம் எல்லாம் அப்படியே இருக்கும். கேட்டுப் பாருங்க.”

யாரோ ஒரு பெண் ஈங்க மொழியில் ஒரு கதை சொன்னாள். நாலு வாக்கியம் முடிவதற்குள் மூப்பன் கையை உயர்த்தினார்.

“சட்டையை மாத்திட்டு வந்திருக்கா. நடை அவளோடதுதானே?”

படியின் மேல் தட்டில் ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்த பூங்கி எட்டிப் பார்த்து, “அது நம்ம அக்கா. தொண்டை கட்டியிருக்கு” என்றாள்.

ஃபரீதா கணினியை மூடினார். “அப்ப எல்லாத்தையும் அழிக்கணும். அழிச்சா மொழி போயிடும் அண்ணா. நீங்க எத்தனை சொல் பேசுவீங்க?” என்று கேட்டார்.

“சாமிக்குச் சொல்ற சொல்லு தெரியும். சோறு, தண்ணி, வா, போ தெரியும். எரநூறு இருக்குமா? அவ்வளவுதான்.” மூப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “எனக்கு மட்டும் ஆசையா மேடம்? என்ற பொண்டாட்டி சிரிச்ச வீடியோ ஒண்ணு போன்ல இருந்துச்சு. எங்கண்ணன் மவன் கல்யாணத்துல எடுத்தது. பன்னெண்டு செகண்டு. நான்தான் அழிச்சேன். இன்னைக்கும் கைவிரலு அந்த எடத்தைத் தேடுது.”

அப்போதுதான் லச்சி கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். “மாமா, கழுவினவ கேக்கலாம்ல?”

மூப்பன் திரும்பினார்.

“பொணத்தைக் கழுவினவளுக்கு மட்டும் ஒம்பது நாள் வரைக்கும் அவ இன்னும் போகல. அதனாலதானே என்னை இங்க வெச்சிருக்கீங்க? நான் அவ பேரைச் சொல்லலாம், அவளோட பேசலாம்னுதானே வழக்கம்? அப்ப நான் கேக்கறேன். கேட்டு, ஒவ்வொரு சொல்லா நான் என்ற வாயால சொல்றேன். என்ற குரல்ல பதியட்டும்.”

“ஒம்பது நாள்ல நானூறு மணி நேரத்தை எப்படிக் கேப்ப?”

“கேட்டு முடிக்கற வரைக்கும் நான் வெளிய வரல. அதுவரைக்கும் அவளும் போகல.”

எதிர்வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்ததை லச்சி அப்போதுதான் கவனித்தாள்.

ஃபரீதாதான் கணக்குப் போட்டார். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு, நிறுத்தி, திருப்பிச் சொல்லி, பொருள் தெளிந்து, பதிவு செய்து முடிக்க ஒரு பகல் ஆகும். நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு பகல். பதிமூன்றரை மாதம்.

மூப்பன் நெடுநேரம் யோசித்தார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். “கேட்டதை அன்னன்னைக்கே விட்டுறணும். நாளைக்குன்னு வெச்சுக்கக் கூடாது. அவ ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா நடந்து போகட்டும்.”

பல்கலைக்கழகத்தில் இருந்த பிரதியை ஃபரீதா அவர்கள் கண்முன்னாலேயே அழித்தார். கற்களின் நினைவை எல்லாம் துடைத்தார். மிச்சமிருந்தது அக்காவின் மூலப் பதிவு இருந்த ஒரே ஒரு வட்டு. அதை ஒரு பழைய கணினியோடு மீட்டர் அறை வாசலில் வைத்துவிட்டு, எப்படி இயக்குவது என்று தள்ளி நின்றே சொல்லிக்கொடுத்தார்.

“ஒண்ணு சொல்லணும் லச்சி. கல்லுல நீ கேட்டது சுத்தப்படுத்தின குரல். இது சுத்தப்படுத்தாதது. உங்க அக்கா ஒவ்வொரு தடவை வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியும் ஒரு சின்ன மூச்சு இழுப்பா, ஞாபகம் இருக்கா? நெஞ்சு பலவீனம். மெஷினுக்கு அது மூச்சுன்னு தெரியாது, சொல்லோட முதல் எழுத்துன்னு நினைச்சுக்கும். பிள்ளைங்களும் அப்படியே கத்துக்குவாங்கன்னு நான்தான் ஒவ்வொண்ணையும் வடிகட்டி எடுத்தேன். இதுல எல்லாம் அப்படியே இருக்கும். பயந்துடாதே.”

முதல் நாள் லச்சி வட்டை ஓட விட்டாள். சொல்லுக்கு முன்னால் அது வந்தது. உறிஞ்சுவது போல, கதவுக்கடியில் காற்று நுழைவது போல ஒரு சின்ன மூச்சு. அப்புறம்தான் சொல். ஒரே பாயில் பதினேழு வருடம் படுத்தவளுக்கு அது பழக்கமான சத்தம். மூன்று வருடமாகக் கல்லில் பேசிக்கொண்டிருந்தது அக்கா இல்லை என்று லச்சிக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் அழுது முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் சொல்லைத் திருப்பிச் சொன்னாள்.

அந்த மாலை, கணினித் திரை கேட்டது: “நிச்சயமாக நீக்கவா?” ஆம் என்று அழுத்தினாள். நானூற்றுப் பதினொன்று மிச்சம்.

நாட்கள் ஒரே மாதிரி நடந்தன. காலையில் அம்மா ஒரு தட்டை வாசலில் வைத்து, கரண்டியால் தரையில் மூன்று முறை தட்டிவிட்டுப் போவாள். அம்மா கதவை மூடிய பிறகுதான் லச்சி எடுக்க வேண்டும். சில நாள் அம்மா தட்டின் சூட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் நிற்பாள். அவள் போன பிறகு லச்சி அதே இடத்தில் கையை வைப்பாள்.

அக்காவின் பேச்சில் எல்லாம் இருந்தது. மழைக்கு மட்டும் பதினொரு சொற்கள். கிழங்கு தோண்டுகிறவன் மண்ணிடம் கேட்கும் மன்னிப்பு. மாமியாரைத் திட்ட ஒன்று, மாமியார் காதில் விழும்படி திட்ட வேறொன்று. நடுநடுவே அக்கா கருவியிடம் ஃபரீதாவைப் பற்றிப் புரளி பேசினாள். ஒருநாள் முக்கால் மணி நேரம் ஒரு கரடிக் கதையைத் தப்பாகச் சொல்லிவிட்டு, “ஐயோ, கரடி மொதல்லயே செத்துப்போச்சு, மறந்துட்டேன்” என்று சிரித்தாள். லச்சியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ‘ஆம்’ அழுத்தினாள். அழுத்திய பிறகு அந்தச் சிரிப்பு எப்படித் தொடங்கியது என்று நினைத்துப் பார்த்தாள். மூச்சில் தொடங்கியது. அதற்கப்புறம் எப்படி?

இரண்டாம் வாரத்தில் பிள்ளைகள் வந்தார்கள். கல் போய்விட்டதில் அவர்களுக்குப் பேச ஆளில்லை. பள்ளி விட்டதும் மீட்டர் அறைக்கு மேலிருந்த படிகளில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள்.

“லச்சியக்கா, மீட்டர் ஓடுதா?”

“ஓடுதுடி.”

“எங்க வீட்டுக்கு எவ்வளவு யூனிட்டு?”

“உன் வாய்க்குத்தான் யூனிட்டு ஜாஸ்தி. இன்னைக்கு என்ன சொல்லு தெரியுமா? எறும்பு புத்துக்கு மண்ணு சுமக்குதுல்ல, அந்த மண்ணுக்குத் தனிப் பேரு.”

“எறும்பு மண்ணுக்கெல்லாமா பேரு வெச்சாங்க? வேற வேலையே இல்லையா?”

“இல்லதான். சொல்லு, கேப்போம்.”

கதவுக்குப் பின்னாலிருந்து அவள் சொல்வாள். படிக்கட்டில் முப்பத்தொரு வாய் திருப்பிச் சொல்லும். பேசும் முகம் அவர்களுக்குத் தெரியாது, கேட்கும் முகங்கள் அவளுக்குத் தெரியாது. காதுதான் எல்லாம். அதனால் அவர்கள் அவள் சொன்னதைச் சொன்னபடியே, ஒரு இழை பிசகாமல் பிடித்தார்கள். மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வந்தபோது, தங்களுக்குள் சண்டை போடுவதற்கும் ஈங்க மொழியையே பயன்படுத்தினார்கள். அம்மா ஒருநாள் தட்டை வைத்துவிட்டு, “பூங்கி என்னை என்னமோ திட்டிட்டுப் போறா. என்னன்னே புரியல” என்றாள். அவள் குரலில் பெருமை இருந்தது.

அம்மா ஒருமுறைகூட அக்காவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. ஆனால் லச்சி வட்டை ஓட விடும் நேரத்தில் எதிர்வீட்டில் மிக்சி ஓடும். அரைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் ஓடும்.

நானூறாம் நாள் ஃபரீதா வந்தார். லச்சியின் பதிவுகளை ஒரு புதுக் கல்லுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். திரையில் குரல் அலைகளைப் பார்த்துக்கொண்டே, “நல்லா வந்திருக்கு, ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றவர், திடீரென்று முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“லச்சி, உனக்கு மூச்சு எதுவும் வாங்குதா? நெஞ்சு அடைக்குதா?”

“இல்லைங் மேடம். போன மாசம்தான் நர்சக்கா வந்து தள்ளி நின்னு பாத்துட்டு, எந்திரிச்சு குதிக்கச் சொன்னாங்க. குதிச்சேன். ஏன்?”

ஃபரீதாவின் விரல் ஒரு பொத்தானுக்கு மேலே நின்றது. திரையில் அதன் பெயர்: சுத்தப்படுத்து. பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்லம்மா. இப்படியே இருக்கட்டும்.”

நானூற்று ஏழாம் நாள் மூன்றாம் மாடி ரங்கிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் பெயர் வைப்பார்கள். அதற்குள் வட்டு வெறுமையானால் அக்காவின் பெயர் அந்தக் குழந்தைக்கு. இல்லையென்றால் குழந்தைக்கு வேறு பெயர். அக்கா அடுத்த குழந்தை பிறக்கும் வரை வழியிலேயே நிற்க வேண்டும். அதுவரை யாரும் அவளைப் பெயர் சொல்லி நினைக்க முடியாது. லச்சியும் அறையை விட்டு வர முடியாது.

கடைசி மணி நேரம் தண்ணீரைப் பற்றியது. ஐம்பத்தெட்டு நிமிடம் வரை ஊற்று, கசிவு, சுனை. அப்புறம் கதவு திறக்கும் சத்தம். ஒரு புதுக் குரல் தமிழில் கேட்டது: “அக்கா, பஸ்சு வந்துரும். எவ்வளவு நேரம் இந்தப் பொட்டியோடயே பேசிட்டிருப்ப?”

அது லச்சியேதான். பதினாலு வயது லச்சி.

அக்கா ஈங்க மொழியில், “வா, ஒரே ஒரு சொல்லு சொல்லிட்டுப் போ” என்றாள்.

“எனக்கு எதுக்கு? நீதான் இருக்கியே.”

அப்புறம் விசிறி சுற்றும் சத்தம் மட்டும். பிறகு அந்தச் சின்ன மூச்சு. பிறகு அக்கா சொன்னாள்:

“ஓளெ.”

ஈங்கர்கள் ஒருவரை ஒருவர் தேடும்போது சொல்லும் சொல் அது. காட்டில் கிழங்கு தோண்டப் போனவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் பிரிந்துவிட்டால், ஒருவர் பெயரைக் கூப்பிடுவார், மற்றவர் ‘ஓளெ’ என்பார். இருக்கிறேன், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் இருக்கிறேன். தூர ஊரில் இருப்பவர் போனில் இதைச் சொல்ல முடியாது, பொய்யாகிவிடும். பக்கத்தில் இருப்பவர் மட்டுமே சொல்லலாம்.

பதிவு அதோடு முடிந்தது.

“நிச்சயமாக நீக்கவா?” என்றது திரை.

நானூற்றுப் பதினோரு மாலை அழுத்திய விரல் இப்போது அசையவில்லை. அன்று அழுத்தவில்லை. மறுநாளும் இல்லை. மூப்பனுக்குக் கொடுத்த வாக்கு உடைந்தது என்று தெரியும். பிள்ளைகள் படிக்கட்டில் காத்திருந்து காத்திருந்து போனார்கள். லச்சி அந்த ஒரு சொல்லையே போட்டுப் போட்டுக் கேட்டாள். மூச்சு, ஓளெ. மூச்சு, ஓளெ. அம்மா அன்று பூங்கியின் முன்னால் குந்தி உட்கார்ந்து ‘இன்னொரு வாட்டி’ என்றது நினைவுக்கு வந்தது. தானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

மூன்றாம் நாள் பகலில் எதிர்வீட்டு மிக்சி ஓடவில்லை. கரண்டி மூன்று முறை தட்டியது. அம்மா போகவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் உட்காரும் சத்தம் கேட்டது.

“லச்சி, நாளைக்கு ரங்கி புள்ளைக்குப் பேரு வெக்கறாங்க.”

“தெரியும்மா.”

“மாமன் ஒண்ணுங் கேக்கல. ‘அவளா வருவா’ங்கறாரு.” தட்டு தரையில் நகர்ந்தது. “கடைசி இதுவா?”

“ம்.”

“கொரலு வேண்டாம். நான் கேக்க மாட்டேன். என்ன சொன்னான்னு மட்டும் நீ சொல்லு. உன்ற வாயால சொன்னா தப்பில்லை.”

பதினாலு வயதில் தான் என்ன சொன்னோம் என்பதை முதலில் சொல்லிவிட லச்சி வாய் திறந்தாள். வரவில்லை. அக்காவின் சொல்லை மட்டும் சொன்னாள். கதவுக்கு அந்தப் பக்கம், தரையில் நெற்றி படுவது போல ஒரு மெல்லிய சத்தம் கேட்டது.

லச்சி திரும்பி வந்து ‘ஆம்’ அழுத்தினாள். வட்டில் ஒன்றும் இல்லை என்றது திரை. அவள் கண்ணை மூடி, அக்காவின் குரலை நினைத்துப் பார்த்தாள். ஊற்று என்று அக்கா சொல்வதை; கரடிக் கதையை. சொற்கள் எல்லாம் வரிசையாக வந்தன, ஒன்றுகூட மறக்கவில்லை. ஆனால் எல்லாம் லச்சியின் சொந்தக் குரலிலேயே வந்தன. நானூற்றுச் சொச்சம் நாள் திருப்பித் திருப்பிச் சொன்னதில், அடியில் இருந்த குரலின் மேல் அவள் குரல் முழுசாகப் படிந்துவிட்டிருந்தது. சுவர் ஓரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். இருபத்து நான்கு மீட்டர்களும் சிமிட்டிக்கொண்டிருந்தன.

விடிந்ததும் லச்சி ஓடையில் தலை முழுகினாள். கரையில் நின்ற அம்மா, ஈரத்தோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பதிமூன்றரை மாதத்துக்குப் பிறகு இன்னொருவர் தோல் தன்மேல் படுவது முதலில் சூடாக, ஏறக்குறைய வலியாக இருந்தது.

பிளாக்கின் முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ரங்கி குழந்தையை மடியில் வைத்திருந்தாள். ஃபரீதா புதுக் கற்கள் நிறைந்த கூடையோடு ஓரமாக நின்றார். எந்தப் பிள்ளையும் அதை எட்டிப் பார்க்கவில்லை. பெயர் வைக்கும் முறை எளிது. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பெயரைக் கூப்பிட வேண்டும். குழந்தைக்குப் பேச வராது என்பதால், அதற்குப் பதிலாக, செத்தவரைக் கழுவியவர் குழந்தையின் தலையைத் தொட்டுக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். அதோடு பெயர் வந்து சேர்ந்துவிட்டது.

லச்சி குழந்தையின் தலைமேல் கை வைத்தாள். உச்சி துடித்தது.

“கூப்புடுங்க” என்றார் மூப்பன்.

முப்பத்தொரு பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். பெயர் வருவதற்கு முன்னால் அது வந்தது. முப்பத்தொரு சின்ன நெஞ்சுகள் ஒரே நேரத்தில், உறிஞ்சுவது போல, கதவுக்கடியில் காற்று நுழைவது போல ஒரு மூச்சை இழுத்தன.

“மருதீ!”

அம்மாவின் கை லச்சியின் தோளில் இறுகியது. மூப்பன் தலை நிமிர்ந்தார். பிள்ளைகளில் யாருக்கும் நெஞ்சில் நோவு இல்லை. ஈங்க மொழியில் எந்தச் சொல்லும் அப்படித் தொடங்காது. மூப்பனின் பார்வை பிள்ளைகளிடமிருந்து லச்சிக்கு வந்தது, அங்கேயே நின்றது. அவர் உதடு அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று ஃபரீதா மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூப்பன் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பதில் சொல்லு புள்ள” என்றார். “கூப்புடறாங்கல்ல.”

லச்சி வாயைத் திறந்தாள். தன் நெஞ்சு தன்னையறியாமல் அந்தச் சின்ன மூச்சை இழுப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

“ஓளெ” என்றாள்.